தாழைமேடு நூற்றுக்கு நூறு

கிழக்கு வெளுக்கும் முன்பே புன்னைக்குப்பத்துத் தெருவில் கடப்பாரை இறங்கிவிட்டது. மேலே மணல். ஒரு முழம் இறங்கினால் களி. அதற்கும் கீழே போனால் உப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டுதான் குழாய்த் தூணுக்குப் பள்ளம் வெட்ட வேண்டும். பாத வெடிப்புகளில் உப்பு ஏறிக் காந்தும். மலர்க்கொடி குனிந்து இரும்புப் பாண்டில் மண்ணை வாரிக் கொடுக்க, கரையில் நின்ற ஆரோக்கியம்மாள் வாங்கிக் கொட்டினாள். கொட்டியதில் பாதி சரிந்து மறுபடி பள்ளத்துக்குள்ளேயே விழுந்தது. கடலோர மண்ணுக்குக் கான்ட்ராக்டரின் அவசரமெல்லாம் புரியாது.

"இன்னாடி மலரு, மண்ணு அள்றியா, யாரையாவது திட்டிகினு இருக்கியா?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"ரெண்டுந்தான்க்கா."

திட்டாமல் என்ன செய்வாள்? நேற்று சாயங்காலம் வேலை முடிந்து போனால் வீட்டில் குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. பத்தாவது படிக்கிற மகள் கயல்விழி வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் நாலுவழிச் சாலையைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கைப்பம்பில் தண்ணீர் பிடித்து, சைக்கிளில் குடங்களை மாட்டிக்கொண்டு திரும்பும்போது லாரிக்காரன் அடித்த ஹாரனில் தடுமாறி விழுந்தாள். குடமும் போயிற்று, கையும் போயிற்று. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அழைத்து வந்தார்கள். எழுதுகிற கை. காலாண்டுப் பரீட்சையும் அதோடு போயிற்று. புருஷன் சென்னையில் கொத்து வேலை செய்கிறான். போனில் "பாத்துக்கோ" என்றான். எதைப் பார்த்துக்கொள்வது?

இத்தனைக்கும் பக்கத்து ஊரான தாழைமேட்டில் அவள் வீட்டு வாசலில் குடிநீர்க் குழாய் இருக்கிறது. பளபளவென்று, சிமெண்டுத் தூணில், நீலப் பெயிண்டு அடித்து. அவள் வீட்டில் மட்டுமா? ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் இருக்கிறது. நட்டவர்கள் யார்? இங்கே வேலை வாங்குகிற இதே தங்கராசு மேஸ்திரி, இதே ஆரோக்கியம்மாள், இதே மலர்க்கொடி. சொந்த ஊராயிற்றே என்று தூண்களுக்கு நூல் பிடித்து, ஒரு வரிசையாக நிற்கும்படி அழகு பார்த்து நட்டார்கள்.

கதை இப்படி. டெல்லியில் யாரோ ஒரு தேதி குறித்தார்கள். அந்தத் தேதிக்குள் நாட்டில் குழாய் இல்லாத வீடே இருக்கக்கூடாது. நல்ல எண்ணம். யார் குறை சொல்வார்கள்? ஆனால் அந்த எண்ணம் சென்னைக்கு வந்தபோது எண்ணிக்கையாயிற்று. கடலூருக்கு வந்தபோது வாராவாரம் நடக்கும் கூட்டமாயிற்று. தாழைமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெறும் தூணும் குழாயுமாக நின்றது. பெரிய தொட்டி சாலைக்குக் கிழக்கே. ஊர் சாலைக்கு மேற்கே. நாலுவழிச் சாலைக்கு அடியில் குழாய் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி வரும்வரை தேதி காத்திருக்குமா? காத்திருக்காது. அதனால் முதலில் வாசல்களில் குழாயை நட்டுவிடலாம், லைன் பிறகு வரட்டும் என்று முடிவாயிற்று.

இதில் ஒரு சின்னச் சிக்கல். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வருகிற குழாய்க்குப் பக்கத்தில் அந்த வீட்டுப் பெண் நிற்கிற மாதிரி போட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டும். தண்ணீருக்கு எங்கே போவது? கான்ட்ராக்டர் அருள்முருகன் யோசித்தார். தூணின் பின்பக்கத்தில் ஒரு ஹோஸை மாட்டி, வேலிக்குப் பின்னால் உயரத் தூக்கிப் பிடித்து, அதன் வாயில் புனல் வைத்து யாராவது தண்ணீர் ஊற்றினால் போதும். முன்னால் குழாயில் கொட்டும். ஹோஸை மாட்டியவர் தங்கராசு. வேலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, வீடு வீடாக ஊற்றியவள் மலர்க்கொடி.

சிரித்துக்கொண்டேதான் ஊற்றினாள். அவளுக்கு அது கல்யாண வீட்டு விளையாட்டு மாதிரி இருந்தது. "மலரு, ஊத்துடி!" என்று முன்னாலிருந்து குரல் வரும். இவள் ஊற்றுவாள். அந்த வீட்டுக்காரி குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பல்லெல்லாம் தெரிய நிற்பாள். ஆரோக்கியம்மாள் வீட்டில் குழாய்க்குச் சிலுவை போட்டு முத்தமே கொடுத்தாள். லைன் வந்துவிடும், அடுத்த மாதம் நிஜமாகவே கொட்டப்போகிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். வேலை செய்கிறவர்களே நம்பினால் மற்றவர்கள் நம்ப மாட்டார்களா?

லைன் வரவில்லை. அதற்குப் பதில், தினமும் வந்துகொண்டிருந்த ஊராட்சித் தண்ணீர் வண்டி நின்றது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டதற்குச் செயலர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"குழாய் இல்லாத ஊருக்குத்தான் வண்டி. உங்க ஊரு நூத்துக்கு நூறு ஆயிடுச்சும்மா" என்றார்.

அன்றிலிருந்து மலர்க்கொடிக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. இப்போது புன்னைக்குப்பத்தில் வெட்டுகிற ஒவ்வொரு பள்ளமும் தன் மகள் மாதிரி ஒருத்தியை அந்தச் சாலைக்கு விரட்டப்போகிறது என்று நினைத்தால் மண்வெட்டி கையில் நிற்கவில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் அருள்முருகனின் வெள்ளைக் கார் வந்து நின்றது. அவர் பள்ளத்தோரம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கராசு, இன்னும் இந்தத் தெருவே முடியலையா?"

"மண்ணு சரியுது சார்" என்றார் தங்கராசு.

"இவ்ளோ ஆழம் யாரு வெட்டச் சொன்னது? தூணு நிக்கற அளவுக்கு வெட்டினாப் போதும். அப்பறம் இன்னொண்ணு. காந்தி ஜெயந்தி அன்னிக்கு உங்க ஊர்ல கிராமசபை. எல்லா வூட்டுக்கும் குழாய்ல குடிதண்ணி வருதுன்னு தீர்மானம் படிப்பாங்க. உங்க ஆளுங்கதான் பாதி ஊரு. கை தூக்கிட்டு வந்துடுங்க."

பள்ளத்துக்குள்ளிருந்து மலர்க்கொடி நிமிர்ந்தாள். "எந்தத் தண்ணி சார்?"

அருள்முருகன் அவளை அப்போதுதான் பார்த்தார். "உங்க வூட்ல குழாய் இருக்கில்ல?"

"இருக்குது. தண்ணி இல்ல."

"வரும்மா. ஹைவே பர்மிஷன் வந்ததும் வரும்."

"எப்ப வரும்?"

"என்னக் கேட்டா? நான் இன்னா மந்திரியா?"

"அப்ப வந்தப்பறம் கை தூக்கறோம்."

"மலரு, சும்மா இரு" என்றார் தங்கராசு. அவருக்கு இவள் தம்பி பெண்டாட்டி முறை. அதட்டலாம்.

அருள்முருகன் சிரித்தார். கோபம் வந்தால் சிரிக்கிற ஆள் அவர். "தீர்மானம் இல்லன்னா எனக்கு பில்லு பாஸாவாது. பில்லு பாஸாவலன்னா இங்க வேலை நடக்காது. உங்களுக்கெல்லாம் இஷ்டம்னா சொல்லுங்க, இன்னியோட நிறுத்திடலாம். வடக்கேர்ந்து ஒரு லாரி ஆளு எறக்கினா முடிஞ்சுது. அவனுங்க வாயத் தொறக்க மாட்டானுங்க."

"அவுங்களும் தண்ணி குடிக்கறவங்கதான சார்" என்றாள் மலர்க்கொடி.

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

மதியம் முந்திரி மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். பைப்பு பொருத்துகிற சிலம்பரசன்தான் முதலில் வெடித்தான். மீசை இப்போதுதான் அடர்ந்திருக்கிறது, ஆத்திரம் அதற்கு முன்பே அடர்ந்துவிட்டது.

"நட்ட குழாயையெல்லாம் புடுங்கி அந்தாளு கார்மேலயே போட்டுட்டு வரலாம் மாமா. நீங்க ஊம்னு சொல்லுங்க."

"போடு. கவர்மெண்ட் சொத்துன்னு கேஸு போடுவான். உன்ன ஜாமீன்ல எடுக்க உங்கம்மா கம்மல விக்கும்" என்றாள் ஆரோக்கியம்மாள்.

தங்கராசு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இந்த வேலை வர்றதுக்கு முன்னால எங்க இருந்தோம்? பாதி பேரு கேரளாவுல, மீதி பேரு திருப்பூர்ல. நெலம் உப்பாப் போனப்பறம் ஊரோட ஒக்காந்து சாப்புடறது இந்தக் குழாயாலதான். அதயும் கெடுத்துக்கணுமா? கை தூக்கினா இன்னா, கொறைஞ்சா போயிடுவோம்?"

"தூக்கிட்டா அப்பறம் தண்ணி வரலன்னு யாருகிட்ட மாமா போயி சொல்ல முடியும்?" என்றாள் மலர்க்கொடி. "நாமளே வருதுன்னு சொல்லிட்டோமே! கயலு கையி ஒடிஞ்சதுக்கு யாரு மேல மாமா நான் கோவப்படறது? போட்டோவுல கொட்டற தண்ணி என் கொடத்துத் தண்ணி. நான் ஊத்துனதப் பாத்துத்தான் வண்டிய நிறுத்துனான்."

"அந்த இலக்கே வேணாம்னு சொல்லணும்" என்றான் சிலம்பரசன்.

"ஏன் வேணாம்? எனக்கு வேணும். எல்லா வூட்டுக்கும் தண்ணின்னு எவன் சொன்னாலும் அவன் வாய்க்குச் சக்கரை போடலாம். ஆனா குழாய எண்ணாத, கொடத்த எண்ணு. மொதல்ல லைன் வெட்டு, அப்பறம் தூணு நடு. அந்த ரோட்டுக்கு அடியில வெட்டற வேலைக்குக் கூப்புடட்டும், விடியாம போயி நிக்கறேன்."

தங்கராசு கையைக் கழுவ எழுந்தார். கழுவத் தண்ணீர் இல்லை. இலையில் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் புன்னைக்குப்பத்துக் கொளஞ்சியம்மாள் வந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து எடுத்து வந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மேஸ்திரி, எங்க வூட்டுக் குழாய முருங்க மரத்தாண்ட நடுங்க. வழிஞ்சு போற தண்ணி மரத்துக்குப் போவும். தூண நடறப்ப அடியில கொஞ்சம் மஞ்சத்தண்ணி ஊத்திக்கறேன்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மலர்க்கொடிக்கு அந்த மஞ்சள் கிண்ணத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு எழுந்துபோய்க் கொளஞ்சியம்மாளின் கையைப் பிடித்து, ஹோஸ், புனல், போட்டோ, நின்றுபோன வண்டி, எல்லாவற்றையும் சொன்னாள்.

கொளஞ்சியம்மாளின் முகம் சுருங்கியது. ஆனால் மலர்க்கொடி எதிர்பார்த்த மாதிரி இல்லை.

"ஓகோ! உங்க ஊருக்குக் குழாய் வந்தாச்சு. எங்க ஊருக்கு வர்றப்பதான் உங்களுக்கு நியாயம் தோணுதா?"

"அக்கா, குழாய் வாணாம்னு சொல்லல. லைன் வந்தப்பறம் குழாய்னு கேளுங்க. இப்பவே நட்டுட்டா உங்க வண்டியும் நின்னுடும்."

"பக்கத்து ஊரெல்லாம் முடிஞ்சுது, நீங்கதான் கெடுத்தீங்கன்னு எங்க ஆளுங்க என்ன வாயிலயே போடுவாங்க. வேலை செய்ய வந்தமா, செஞ்சமா, போனமான்னு இரு."

கிண்ணத்து மஞ்சளை அங்கேயே மண்ணில் கவிழ்த்துவிட்டு அவள் போனாள். மலர்க்கொடிக்கு அறை வாங்கின மாதிரி இருந்தது. சாயங்காலம்வரை குனிந்தபடி மண்ணை வாரிக்கொண்டே இருந்தாள்.

காந்தி ஜெயந்தி அன்று தாழைமேட்டுப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மாலை போட்ட காந்தி படத்துக்குப் பக்கத்தில் மேசை. ஊராட்சித் தலைவர், செயலர், குடிநீர் வேலையைப் பார்க்கிற இளம் இன்ஜினியர் இளமதி. பந்தலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் அருள்முருகன் நின்று செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். ஆனால் காது இங்கேதான் இருந்தது.

இளமதி தீர்மானத்தைப் படித்தாள். தாழைமேடு ஊராட்சியில் அனைத்து வீடுகளுக்கும் குழாய் மூலம் குடிநீர் கிடைக்கிறது என்று இக்கிராமசபை உறுதி செய்கிறது. படித்துவிட்டு, "ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றாள்.

முன்வரிசையில் தலைவருக்கு வேண்டியவர்களின் கைகள் எழுந்தன. அவற்றைப் பார்த்து இன்னும் சில கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. மலர்க்கொடி திரும்பித் தங்கராசுவைப் பார்த்தாள். அவர் கை முழங்காலில் இருந்தது. விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அவர் தூக்கினால் அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் தூக்குவார்கள். அவர் தூக்குவதற்குள் பேசிவிட வேண்டும். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"மேடம், அந்தப் போட்டோவுல வர்ற தண்ணிய நான்தான் ஊத்தினேன்."

கூட்டம் சலசலத்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "சிரிச்சிகினேதானடி ஊத்துன!" என்று கத்தினாள்.

"சிரிச்சேன்தான். லைன் வருதுன்னு நம்பிச் சிரிச்சேன். எவ வூட்லயாவது அதுக்கப்பறம் ஒரு சொட்டு வந்துச்சா? வந்தவ கை தூக்கு. நான் ஒக்காந்துடறேன்."

எழுந்திருந்த பெண்களின் கைகள் இறங்கின. பிறகு ஆண்களின் கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. தலைவர் எழுந்து, "ஏம்மா, அரசாங்கத் திட்டத்தக் கேவலப்படுத்தறியா?" என்று சத்தம் போட்டார்.

"அவ ஊத்தினா. ஹோஸ மாட்டினது நான்" என்று ஒரு குரல் கேட்டது. தங்கராசு எழுந்து நின்றார். மரத்தடியைப் பார்க்காமல் மேசையை மட்டும் பார்த்துப் பேசினார். "மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன். இனிமே மாட்ட மாட்டேன் மேடம். எங்க ஆளுங்க யாரும் கை தூக்க மாட்டாங்க."

மலர்க்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இளமதி செல்போனைத் திருப்பிக் காட்டினாள். மாவட்ட வரைபடத்தில் தாழைமேடு, வேலை முடிந்த ஊர் என்று ஒரு பச்சைப் புள்ளியாக இருந்தது. மெல்லிய குரலில் சொன்னாள்: "நீங்க தீர்மானம் போடலன்னா இது மஞ்சளாயிடும்க்கா. திங்கக்கெழம கூட்டத்துல எல்லார் முன்னாலயும் என்னத்தான் எழுப்பி நிக்க வெப்பாங்க. ஏன் மஞ்சள்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

அவள் கண்ணில் பயம் இருந்தது. மலர்க்கொடிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இவளையும் யாரோ பின்னாலிருந்து விரட்டுகிறார்கள்.

"நீங்க ஏன் மேடம் தனியா நிக்கணும்? திங்கக்கெழமதான மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கறாங்க? நாங்களும் வரோம். ஏன் மஞ்சள்னு நாங்க சொல்றோம்."

கூட்டம் சிரித்தது. அது நல்ல சிரிப்பு. தண்ணீர் வரும்வரை வண்டி விட வேண்டும், முதலில் லைன், பிறகுதான் குழாய் என்று எழுதச் சொன்னார்கள். அப்படியெல்லாம் எழுத முடியாது என்று செயலர் பேனாவை மூடினார். மூடினால் மூடட்டும், நேரிலேயே போய்ச் சொல்லிக்கொள்கிறோம் என்று கலைந்தார்கள்.

மறுநாள் காலை தங்கராசுவுக்குப் போன் வந்தது. வேலைக்கு வர வேண்டாம், வேறு ஆள் பார்த்தாயிற்று என்றார் அருள்முருகன். அவ்வளவுதான். வெள்ளி, சனி, ஞாயிறு எப்படிப் போயிற்று என்று அவர்களுக்குத்தான் தெரியும். சிலம்பரசன் வீட்டில் அவன் அம்மா மலர்க்கொடியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். தங்கராசு பெண்டாட்டி இரண்டு நாள் இவள் பக்கமே திரும்பவில்லை. புன்னைக்குப்பத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. அங்கே புது ஆட்கள் தூண் நட ஆரம்பித்துவிட்டார்கள் என்று மட்டும் யாரோ சொன்னார்கள். நட்டுவிட்டால் போச்சு. 'அந்த ஊர்ல யாரும் பேசல, உங்க ஊர்ல மட்டும் என்ன?' என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலர்க்கொடி வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"அம்மா, ஒக்காரும்மா. எனக்குத் தல சுத்துது" என்றாள் கயல்விழி.

திங்கட்கிழமை காலை நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நின்றார்கள். வருகிறேன் என்றவர்களில் பலர் வரவில்லை. ஆரோக்கியம்மாள் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சிலம்பரசன் அம்மாவுக்குத் தெரியாமல் வந்திருந்தான். தங்கராசு தேய்த்த சட்டையில் விறைப்பாக நின்றார். அருள்முருகனின் அழைப்பு சட்டைப் பையில் அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுங்க மாமா" என்றாள் மலர்க்கொடி.

"ரோட்டுக்கு அடியில வெட்டற வேலைக்குக் கூப்புட்டா எடுக்கறேன். அதுக்கா கூப்புடறான்?" என்றார்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பேருந்து தூரத்தில் தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. இந்தக் கூட்டத்தில் எங்கே ஏறுவது என்று மலர்க்கொடிக்குச் சலிப்பாக இருந்தது. வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வளையல் கை நீண்டு அவள் தோளைப் பிடித்தது.

"ஏறுடி! துண்டு போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்கேன்."

கொளஞ்சியம்மாள்! அவளுக்குப் பின்னால் புன்னைக்குப்பத்துப் பெண்கள் பேருந்து முழுக்க அடைந்து நின்றார்கள்.

மலர்க்கொடி ஏறி அவள் பக்கத்தில் போய் நின்றாள். கொளஞ்சியம்மாளே பேசினாள். "அன்னிக்குத் திட்டிட்டுப் போனேன். மறுநாளு பொழுது விடிஞ்சதும் உங்க ஊர்ப்பக்கம் வந்து சந்துசந்தாப் பாத்தேன். ஒரு குழாயக்கூட விடல, எல்லாத்தயும் திருகிப் பாத்தேன். உங்க யாருக்கும் தெரியாது. நீ கிராமசபையில பேசினதும், திங்கக்கெழம மனு குடுக்கப் போறதும் காதுக்கு வந்துச்சு. வெள்ளிக்கெழம அந்தாளு புது ஆளுங்களோட வந்து தூண நட்டுட்டு, போட்டோவுக்கு வந்து நில்லுங்கன்னான். எங்க தெருவுல ஒருத்தியும் நிக்கல. ஆள் இல்லாத போட்டோ செல்லாதாமே! அலையறான்."

"புது ஆளுங்க?"

"பாவம், பேச்சு புரியாத புள்ளைங்க. வேலைக்கு வந்த எடத்துல குடிக்கத் தண்ணி இல்லன்னு எங்க வூட்ல வந்து கேட்டுச்சிங்க. குடுத்தேன். வாசல்ல நிக்கற குழாயக் காட்டினேன். திருகிப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம கடப்பாரையக் கீழ போட்டுட்டு ஒக்காந்துடுச்சிங்க. அதோ பாரு." பின்படிக்கட்டில் இரண்டு இளைஞர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மலர்க்கொடியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மலர்க்கொடி துண்டு போட்ட இடத்தில் ஆரோக்கியம்மாளை உட்கார வைத்துவிட்டு, தங்கராசுவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சக்குப்பத்தில் யார் என்ன பதில் சொல்வார்கள், நாளைக்கு வேலை உண்டா, தண்ணீர் எப்போது வரும், ஒன்றும் தெரியாது. ஆனாலும் இத்தனை நாள் அவளை உட்காரவிடாமல் அலைக்கழித்தது என்னவோ, அது இப்போது இந்தப் பேருந்து முழுக்கப் பரவி நின்றது.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "இவ்ளோ பேரு எங்கம்மா போறீங்க? எங்க எறங்கணும்?"

முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் படிக்கட்டிலிருந்தும், தமிழ் தெரியாத இரண்டு குரல்களும் சேர்ந்து, ஒரே பதில் வந்தது.

"மஞ்சக்குப்பம்!"